டிராயருக்குள் உப்புத்தாள்

"உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் என்மேல் பெயிண்ட் அப்பினவன் நீதானே!" என்று மேசை கத்தியது. வீட்டுக்காரர் காதில் விழவில்லை. அவர் உப்புத்தாளைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

அது மேசை டிராயருக்குள் இருந்தது. மூன்று பொங்கலுக்கு முன்னால் அவரே உள்ளே போட்டு, மூடி, மேலே பச்சை அடித்ததில் டிராயர் ஒட்டிக்கொண்டது. மறு வருஷம் உப்புத்தாள் கிடைக்காமல் பச்சைமேல் நீலம். போன வருஷம் நீலத்தின்மேல் மஞ்சள்.

"அண்ணே, என்னை வெளியே விடுங்க. அரை நாள்ல உங்களைத் தேய்ச்சு எடுத்துடறேன்" என்றது உள்ளே இருந்த உப்புத்தாள்.

"தேய்ச்சாத்தானேடா டிராயரே திறக்கும்! இதுல அண்ணேன்னு வேற கூப்பிடுறியா?"

"கோபப்படாதீங்க மாமா" என்று பிரஷ் சமாதானத்துக்கு வந்தது. "வழக்கமா ரெண்டு கோட்டு பெயிண்ட். உங்களுக்காக ஒண்ணோட முடிச்சுக்கலாம்."

"அரைக் கோட்டும் கிடையாது, போடா!"

வீட்டுக்காரர் தேடி அலுத்தார். திருப்புளியால் சிவப்பு பெயிண்ட் டப்பாவின் மூடியை நெம்பித் திறந்தார்.

மேசை நான்கு காலும் அதிர அலறியது: "யோவ்! அந்தத் திருப்புளியை இங்கே கொண்டா! முதல்ல என் டிராயரை நெம்பு, அப்புறம் அடி உன் சிவப்பை!"