கரடிக்கு முன்னால் போகும் மயில்

சிங்கராஜாவின் காட்டுக் கரடி பல காடுகளில் தேன் எடுத்து வந்தது. சொந்தக் காட்டில் ராஜாவின் சட்டப்படி தேனை மட்டும் எடுத்துக்கொண்டு, குஞ்சுகள் இருக்கும் பாதி அடையை விட்டுவைக்கும். அயல் காடுகளில் கூட்டையே பிய்த்துத் தின்றுவிடும்.

அயல் காட்டுத் தேனீ ஒன்று சிங்கத்திடம் பறந்து வந்தது. "எங்களுக்கு மிஞ்சியது ஒரே கூடுதான், ராஜா."

சிங்கம் கரடியைக் கூப்பிட்டு விசாரித்தது.

"அங்கே அதற்குச் சட்டம் இல்லையே!" என்றது கரடி.

"உங்க காட்டுத் தேனீக்குத்தான் குஞ்சா? நாங்க என்ன, மரத்தில் காய்க்கிறோமா?" என்றது தேனீ.

சிங்கம் சிரித்துவிட்டது. "அங்கே என் ஆணை செல்லாது, கரடியாரே. ஆனால் நீர் போகுமிடமெல்லாம் 'ராஜாவின் நண்பர் வருகிறார்' என்று முன்னால் போய்க் கூவுவது என் மயில். அதற்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம் என்று பார்க்கிறேன்."

மயில் கூவாவிட்டால் எந்தக் காடும் கரடியை உள்ளே விடாது. "பாதியை விட்டுவைக்கிறேன், ராஜா."

மறுநாள் மயில் அயல் காட்டில் கூவியது: "ராஜாவின் நண்பர் வருகிறார்! பாதி அடையை விட்டுவைப்பார்!"

"இரண்டாவதை மெதுவாகச் சொல்லக் கூடாதா?" என்று கரடி முணுமுணுத்தது.

"அதைத்தான் ராஜா உரக்கச் சொல்லச் சொன்னார்" என்றது மயில்.

வேடிக்கை பார்க்கக் காடே கூடிவிட்டது. கரடி தேன் பக்கத்தை மட்டும் பதமாகப் பிய்த்தது. அந்தக் காட்டில் முதன்முறையாக அதை எந்தத் தேனீயும் கொட்டவில்லை.