மாடியில் ஓர் ஆடு

பூவராகனுக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஆடுகள் கடித்துக் கடித்தே பாறை இடுக்கில் முழங்கால் உயரத்தோடு கிழடு தட்டி நின்ற காட்டு இலந்தையை, போன்சாய்க் குட்டை மரமாக வளர்க்கவென்று பெயர்த்து வந்தவர் அவர்தான். மாடித் தொட்டியில் உரமும் தண்ணீரும் கண்டதும் அது விளக்குமாறு மாதிரி விறைத்துக் கிளம்பிவிட்டது. வெட்டி வெட்டிக் கை வலித்ததே தவிர, மலையில் இருந்த அழகு வரவில்லை. கடைசியில் ஓர் ஆட்டையே பிடித்துவந்து மாடியில் அவிழ்த்துவிட்டார். அது மல்லிகையைத் தின்றது, கறிவேப்பிலையைத் தின்றது, கொடியில் காய்ந்த வேட்டியையும் மென்றது.

"சனியனே, இதைத் தின்னு தொலையேன்!"

"முள்ளு குத்தாம இத்தனை கெடக்கறப்ப அதை எதுக்குங்க கடிக்கும்?" என்றாள் மனைவி தமயந்தி. "மலையில ஆட்டுக்கு வேற என்ன இருந்துச்சு?"

பூவராகன் மற்றத் தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார். பிறகு திரும்பி வந்து, ஆட்டின் தண்ணீர் வாளியையும் எடுத்துக்கொண்டு போனார்.