பக்ஸ்டன் கைமாறினான்

"பக்ஸ்டனை எனக்குக் குடுத்துடுங்க பெர்னி. பதிலுக்கு என் டீம்ல யாரை வேணும்னாலும் எடுத்துக்கோங்க."

பள்ளிப் பேருந்து ஓட்டும் ட்வைட், பள்ளியின் சமையலறைக் கதவில் சாய்ந்தபடி மறுபடியும் கேட்டான். பெர்னி நிமிரவில்லை. மக்ரோனி ஒட்டிக் காய்ந்திருந்த தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

ஒஹையோவின் அந்தச் சின்ன ஊரில், பள்ளி ஊழியர்கள் பத்துப் பேர் வருடா வருடம் ஆடும் ஆட்டம் அது. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தின் நிஜ வீரர்களை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள். அந்த வீரன் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பந்தை ஏந்தியோ, வீசியதைப் பிடித்தோ எவ்வளவு தூரம் ஓடுகிறானோ, அதற்கேற்ற புள்ளி அவனை வைத்திருப்பவர் கணக்கில் சேரும். நவம்பர் கடைசியில் வீட்டுக்கு வீடு வான்கோழி சமைக்கும் நன்றி நாளுக்கு முந்தைய ஞாயிறோடு ஆட்டம் முடியும். கடைசியில் நிற்பவர் வான்கோழி வேஷம் போட்டுக்கொண்டு நன்றி நாள் ஊர்வலத்தில் நடக்க வேண்டும்.

போன இரண்டு வருடமும் வான்கோழி ட்வைட்தான்.

"இந்த வருஷமும் நீங்கதான்னா, எனக்கு அப்பாவே இல்லன்னு ஸ்கூல்ல சொல்லிடுவேன்" என்று மகள் கெல்சி சொல்லியிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. இந்த முறையும் ட்வைட்தான் கடைசி. அவனுக்குச் சற்று மேலே, பள்ளியைத் துப்புரவு செய்யும் ரஸ். கைவசம் மிச்சமிருந்தது ஒரே ஒரு ஞாயிறு.

அந்த நேரம் பார்த்துத்தான் அயன்மென் என்ற நிஜ அணி தன் கோச்சை வீட்டுக்கு அனுப்பியது. அவர் இடத்துக்கு வந்தவர் கேலன் ரூக்கர். இத்தனை நாளும் அந்த அணியில் பந்தை வாங்கிக்கொண்டு ஓடும் ஓட்டக்காரர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர். அணியின் முதல் ஓட்டக்காரன் பக்ஸ்டன், பெர்னியின் பங்கில் இருந்தான்.

"காலைலேருந்து ரேடியோல அதே பேச்சுதான்" என்றான் துடைப்பத்தோடு வந்து நின்ற ரஸ். "பழைய ஆளு பந்தை வீசச் சொல்லிக்கிட்டே கிடந்தாரு. ரூக்கர் ஓட்டக்காரங்களை வளத்தவரு. இனிமே பக்ஸ்டன் கையில பந்து ஒட்டிக்கிட்டே இருக்கும். அவனைப் போய் பெர்னி குடுப்பாங்களா?"

"குடுக்கறேன்" என்றாள் பெர்னி.

ட்வைட் கதவிலிருந்து நிமிர்ந்தான்.

"ஆனா வேண்டாம் ட்வைட். அவனால உனக்கு ஒண்ணும் ஆகாது."

"ஏன்?"

"புதுக் கோச் வந்தா நம்ம ஆளுக்கு மவுசு கூடும்னு நீங்களா நினைச்சுக்கறீங்க. எல்லா கோச்சும் அப்படியில்ல."

"ரூக்கரைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஏதோ கொஞ்சம்."

ரஸ் சிரித்துவிட்டான். "விலை ஏத்தறாங்கடா. உனக்கு இன்னுமா புரியல?"

ட்வைட்டுக்கும் அப்படித்தான் பட்டது. பெர்னி போன வருடம்தான் நெப்ராஸ்காவிலிருந்து வந்து சமையலறையில் சேர்ந்தவள். தன்னைப் பற்றி அதிகம் பேசமாட்டாள். வந்த வருடமே எல்லாரையும் ஜெயித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தவள். அவள் வேண்டாம் என்றால், வேண்டும் என்று அர்த்தம்.

"மார்ஷைத் தரேன்" என்றான்.

பெர்னி கையைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். "உன்கிட்ட உருப்படியா பந்து பிடிக்கறவன் அவன் ஒருத்தன்தான். அவனை விடாதே."

"எடுத்துக்கோங்க பெர்னி."

"அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

"படமாட்டேன்."

இருவரும் கைபேசியை எடுத்து அழுத்தினார்கள். பக்ஸ்டன் கைமாறினான். ரஸ்ஸின் முகத்தில் சிரிப்பைக் காணோம். அந்த வாரம் முழுக்க ட்வைட் பேருந்தில் விசிலடித்துக்கொண்டே வண்டி ஓட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை கெல்சியும் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆட்டம் தொடங்கியதும் பக்ஸ்டன் பந்தை வாங்கிக்கொண்டு மூன்று பேரைத் தாண்டி ஓடினான். ட்வைட் மகளின் தோளைத் தட்டினான். அடுத்த முறை பந்து இன்னொருவன் கைக்குப் போயிற்று. அதற்கடுத்து வேறொருவன். பிறகு, பெயர்கூட யாருக்கும் தெரியாத ஒரு புதுப் பையன்.

"அப்பா, பக்ஸ்டன் எங்க?"

"தண்ணி குடிக்கறான்."

கொஞ்ச நேரம் கழித்துக் கெல்சி கேட்டாள். "இன்னுமா குடிக்கறான்?"

நான்கு ஓட்டக்காரர்களும் மாறி மாறி வந்தார்கள். யாருக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எதிரணி யாரைத் துரத்துவது என்று தெரியாமல் திணறியது. அயன்மென் அபாரமாக ஜெயித்தது. தெருவில் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. பக்ஸ்டனின் கால்வாசி ஓட்டத்தில் ட்வைட்டுக்குச் சேர்ந்த புள்ளி ஒரு கைக்குள் அடங்கியது. வேறொரு மைதானத்தில் மார்ஷ் பந்தைப் பிடித்துப் பிடித்துப் பெர்னிக்குக் குவித்துக்கொண்டிருந்தான். ரஸ்ஸிடமிருந்து ஒரு வான்கோழிப் படம் கைபேசிக்கு வந்து சேர்ந்தது.

டிவியை அணைக்க எழுந்த ட்வைட், ரூக்கர் முகத்தைப் பார்த்ததும் நின்றான். "இந்த ஆளு என்னதான் சொல்றான்னு கேப்போம்."

நிருபர் மைக்கை நீட்டினார். "பக்ஸ்டன் மாதிரி ஒரு ஆளை வச்சுக்கிட்டு, பந்தை நாலா பங்கு போட்டீங்களே?"

ரூக்கர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "வீட்ல நாங்க அஞ்சு பசங்க. வாரத்துக்கு ஒரு பீட்சா. வெட்டறவன் கடைசியாத்தான் எடுக்கணும்னு அம்மா சொல்லிட்டாங்க. நான்தான் வெட்டுவேன். சமமா வெட்டலைன்னா எனக்குத்தான் சின்னத் துண்டு. அந்தப் பழக்கம் இன்னும் போகல." அவர் கூட்டத்தின் பக்கம் கையைக் காட்டினார். "அதோ, அவங்களே வந்திருக்காங்க."

கேமரா திரும்பியது. இரண்டாவது வரிசையில் ஒரு வயதான பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு கை தட்டிக்கொண்டிருந்தாள்.

கெல்சி டிவிக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"அப்பா, இது நம்ம ஸ்கூல் கிச்சன் பெர்னி இல்ல?"