பன்னிரண்டாவது ஆள்

தங்கை மதுவந்தியின் வளைகாப்புக்காகப் பூங்காவில் அனுமதி வாங்கியிருந்தோம். அவளையும் சேர்த்துப் பதினோரு பேர், பூங்கா விதிப்படி பதினோரு பேருக்கும் காப்பீடு. நாங்கள் பத்துப் பேரும் உள்ளே போய்விட்டோம். கடைசியாக வந்த மதுவந்தியைப் பார்த்ததும் வாசல் இயந்திரம் கம்பிக்கதவைச் சாத்தியது.

“பன்னிரண்டு பேர். வயிற்றில் இருப்பவருக்குக் காப்பீடு இல்லை. பெயர் சொன்னால் சேர்க்கலாம்.”

“பொறக்காத புள்ளைக்கு ஏது பேரு?” என்று கத்தினேன்.

“அப்படியானால் இவர்கள் இருவரும் இல்லாமல் நிகழ்ச்சியைத் தொடரலாம்.”

மதுவந்தி கம்பிகளுக்கு நடுவே இரண்டு கைகளையும் நீட்டினாள். “இங்கேயே போடுக்கா.”

கை நிறைய வளையல் அடுக்கினோம்.

“வளையல் சத்தத்துக்குத் தனி அனுமதி வேண்டும்” என்றது இயந்திரம்.

மதுவந்தி அதன் முன்னாலேயே கைகளைக் குலுக்கினாள். குனிந்து வயிற்றிடம் சொன்னாள்: “நல்லாக் கேட்டுக்கோ கண்ணு. வெளிய வந்தாலும் இவனுங்ககிட்ட மட்டும் பேரைச் சொல்லிடாதே.”