மாப்பிள்ளை வாசித்த மறுப்பு

பதினெட்டு வருடமாகக் கட்சியின் மறுப்பறிக்கைகளை வாசித்தவர், இன்று தங்கை கணவருக்காகத் தண்ணீர் டம்ளரோடு சுவரோரம் நிற்கிறார். கேமரா வெளிச்சமெல்லாம் மாப்பிள்ளை முகத்தில். இவருக்கு வயிறு எரிகிறது. தெருவில் போகும் சமாதான ஊர்வலத்தின் கோஷம் ஜன்னல் கண்ணாடியை அதிரவைக்கிறது. மாப்பிள்ளையின் சட்டையில் வெள்ளை ரிப்பன், குரலில் தேன். "ஆயுதம் பதுக்கினோம்னு சொல்றது அபாண்டம். எங்க பின்பக்கக் கிடங்குல ஒரு தோட்டாகூடக் கிடையாது!" கேட்காததை மறுக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். காலையில் இந்த மறுப்பை எழுதிய தாளை நீட்டி, "சரியா இருக்கா மச்சான்?" என்று மாப்பிள்ளை கேட்டபோது, "பிரமாதம்" என்று முதுகில் தட்டிக்கொடுத்தவர் இவர்தான். முன்வரிசை நிருபர் நிமிர்கிறார். "கிடங்கைப் பத்தி நாங்க யாரும் கேக்கவே இல்லையே சார்?" மாப்பிள்ளை டம்ளருக்காகக் கை நீட்டுகிறார். இவர் அதை நிதானமாகத் தானே குடிக்கிறார்.