தினம் ஒரு அதிர்ஷ்டசாலி

“ஏமாத்தறதைக்கூட ஒழுங்கா ஏமாத்தத் தெரியலையே இந்த ஆளுக்கு!”

எழிலரசி கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்தாள். வேங்கிக்காலில், கடைகளுக்காக மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்பித் தரும் கம்பெனியில் வேலை. இலவச டிரையல் கேட்பவர்களைச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு. ஒரு கடைக்கு ஒரே முறை, ஏழு நாள், நூறு மெசேஜ். பரிசு, குலுக்கல் என்று எதுவும் அனுப்பக் கூடாது.

அடி அண்ணாமலையில் இருக்கும் பிரசாத் மெஸ்ஸுக்கு டிரையல் முடிந்த மறுநாளே அபிநயா மெஸ் கேட்டது. அது முடிந்ததும் சரசு மெஸ். மூன்றுக்கும் ஒரே விலாசம்.

“பிளாக் பண்ணிடு,” என்றார் முதலாளி சக்கரவர்த்தி. “ஓசின்னா பினாயிலையும் குடிப்பாங்க.”

“குடிக்கலையே சார்! நூறு மெசேஜ் இருக்கு, தினம் ஒண்ணுதான் அனுப்பறார். அதுவும் ஒரே நம்பருக்கு.”

மெசேஜும் ஒன்றேதான்: ‘இன்றைய அதிர்ஷ்டசாலி நீங்கள்! பிரசாத் மெஸ்ஸில் மதியச் சாப்பாடு இலவசம்.’

“அப்ப அந்த நம்பர்க்காரன் கூட்டாளி. நேர்ல போய் விசாரிச்சு, அங்கேயே பிளாக் பண்ணிட்டு வா.”

ஒருத்தரே தினமும் ஜெயிக்கிற குலுக்கலா? எழிலரசிக்கு மண்டை குடைந்தது. மதியமே வண்டியை எடுத்தாள்.

அவள் மெஸ்ஸில் உட்கார்ந்த நேரம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர் நுழைந்து, கல்லாவில் போனை நீட்டினார்.

“பிரசாத்து, இன்னிக்கும் எனக்குத்தான் விழுந்திருக்கு!”

“உங்க ராசி அப்படிங்க காசி ஐயா. உக்காருங்க.”

“நம்ம கையில இன்னா இருக்கு? எல்லாம் அண்ணாமலையார் பாத்துக்கறார்.”

பெரியவர் சாம்பாரை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அவர் கை கழுவிப் போனதும் எழிலரசி தன் கம்பெனி அட்டையைக் காட்டினாள். பிரசாத்துக்கு முகம் வெளுத்துவிட்டது.

“தப்புதாங்க மேடம். அபிநயா என் பொண்ணு, சரசு என் சம்சாரம். காசு கட்டியே வாங்கிக்கலாம்னு கேட்டேன். கம்மின்னாலும் பத்தாயிரம் மெசேஜ் வாங்கணும்னாங்க. எனக்கு ஒரு நாளைக்கு ஒண்ணு போதும்.”

“நீங்களே கூப்பிட்டுச் சோறு போடலாமே?”

“வரமாட்டாருங்க. மண்டி வச்சிருந்தப்ப, பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வர்றவங்களுக்கு அன்னதானம் போட்ட மனுஷன். இப்ப எல்லாம் போச்சு. போட்ட கையால வாங்க மாட்டேங்கறார். கூப்பிட்டா ‘சாப்டேன்’னு பொய் சொல்லிட்டுப் பட்டினி கிடப்பார். என் போன்லேருந்து அனுப்பினா கண்டுபிடிச்சுடுவார். கம்பெனிக்காரங்க குலுக்கிப் போட்ட பரிசுன்னாத்தான் ராஜா மாதிரி வந்து உக்கார்றார்.”

எழிலரசி போனை எடுத்து, சரசு மெஸ்ஸை பிளாக் செய்தாள்.

பிரசாத் பெரியவர் சாப்பிட்ட இலையை எடுத்தார். நாளை மதியம் பெரியவர் வரமாட்டார்.

சக்கரவர்த்தி போனில் கூப்பிட்டார். “பிளாக் பண்ணிட்டியா?”

“பண்ணிட்டேன் சார். பக்கத்துலயே ஒரு புதுக் கடை டிரையல் கேக்கறாங்க. திரௌபதி டிபன் சென்டர். நானே பாத்துட்டேன், எல்லாம் சரியா இருக்கு.”

போனை வைத்ததும் பிரசாத் விழித்தார். “திரௌபதியா? இந்தத் தெருவுல அப்படி யாரும் இல்லையே மேடம்!”

“எங்க அம்மா. இன்னிக்குத்தான் கடை திறந்திருக்காங்க.”