புழு தந்த பாடம்

கோடு இல்லை.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். மேசை விளக்கைச் சாய்த்தாள். உருப்பெருக்கியை அந்த எழுத்தின்மேல் பிடித்தாள்.

கோடே இல்லை. புழு தின்ற தடம்.

கியோட்டோ நூலகத்தின் வாசிப்பறையில் காலை வெயில் அவள் முழங்கைவரை வந்திருந்தது. எதிரே பழைய ஜப்பானியச் சுவடி ஒன்று விரிந்து கிடந்தது. அரண்மனையில் வாழ்ந்த ஒருத்தி எழுதிய நாட்குறிப்பு. பிற்காலத்தில் யாரோ தூரிகையால் படியெடுத்தது.

இதுவரை எல்லோரும் படித்தது இதன் கறுப்பு வெள்ளைப் படச்சுருளைத்தான். சுவடி ஏதோ ஒரு குடும்பத்தின் பெட்டிக்குள் கிடந்தது. இந்த வசந்தத்தில்தான் நூலகத்துக்கு வந்து சேர்ந்தது.

படச்சுருளில் அந்த எழுத்தின் இடப்பக்கம் மெல்லிய நெடுங்கோடு ஒன்று தெரியும். கோடு இருந்தால் ‘நி’.

நெ நி நகு. வாய்விட்டு அழுகை.

கோடு இல்லாவிட்டால் ‘கோ’.

நெகோ நகு.

பூனை கத்துகிறது.

அவள் அடுத்த வரிகளுக்குப் போனாள். மனப்பாடமான வரிகள்தான்.

எவ்வளவு தேற்றியும் அடங்கவில்லை. அங்கிக் கைக்குள் பொதிந்துகொண்டேன். விடியும்வரை என் மடியிலேயே.

தமிழில் முடிவதுபோல வினைச்சொல்லின் வாலைப் பார்த்து அவளா, அதுவா என்று சொல்லிவிட முடியாத மொழி. அழுதவள் தங்கை என்று உரைகாரர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். காதலன் கைவிட்ட தங்கை. நாட்குறிப்பு எழுதிய அக்காளின் மடியில் கிடந்து விடிய விடிய அழுதவள்.

கோவில்பட்டியில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த நாளில், பேருந்தின் ஜன்னலோரம் அமர்ந்து, ஆங்கில மொழிபெயர்ப்பில் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அவளும் அழுதிருக்கிறாள். அந்தத் தங்கைக்காகத்தான் ஜப்பானிய மொழி படித்தாள். அந்தத் தங்கைக்காகத்தான் கடல் தாண்டினாள். ஆய்வேட்டில் அந்த அழுகைக்கென்றே ஓர் இயல் உண்டு.

எல்லாம் ஒரு புழு கடித்த கடி.

வருத்தம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. உதட்டோரம் சிரிப்புதான் எட்டிப் பார்த்தது.

எதிர்மேசையில் பேராசிரியர் இவாசே குனிந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர். அச்சுப் பதிப்பு அவருடையது. ‘வாய்விட்டு அழுகை’ என்று முதலில் வாசித்தவரும் அவர்தான். வகுப்பில் அந்த வரி வரும்போது அவர் குரல் கம்மிப்போகும் என்று பழைய மாணவர்கள் சொல்வார்கள்.

அவரிடம் எப்படிச் சொல்வது?

எழுந்து போனாள். வணங்கினாள். அவரை அழைத்து வந்து, உருப்பெருக்கியைக் கையில் கொடுத்தாள்.

அவர் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை. காது மடல்கள் சிவந்தன.  ஏன் காட்டினோம் என்றிருந்தது அவளுக்கு.

அவர் நிமிர்ந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு அவள் காதருகே குனிந்து, மிகமிக மெதுவாக,

“ஞா…” என்றார்.

ஜப்பானில் பூனைகள் அப்படித்தான் கத்தும்.

அவள் துப்பட்டாவை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். பலிக்கவில்லை. மேற்பார்வையில் இருந்த பெண் எழுந்து வந்தாள். இருவரும் தாழ்வாரத்துக்கு ஓடினார்கள்.

பேராசிரியர் சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஒரு புழுவை நம்பி இத்தனை வருஷம் அழுதிருக்கேன். கட்டுரையை நீங்க எழுதுங்க. தப்பாப் படிச்சவன் இவன்னு முதல் வரியிலயே என் பேரைப் போட்டுடுங்க. விட்டுடாதீங்க.”

முதுகிலிருந்து எதையோ இறக்கிவைத்தவர்போல உள்ளே போனார்.

அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். மகளை ஊரைவிட்டுக் கூட்டிப்போன அந்தத் தங்கையை அம்மாவுக்கும் தெரியும். குடும்பத்தில் ஒருத்தியாகவே ஆகியிருந்தாள்.

“ஏட்டி, அப்போ அந்தப் பிள்ள அழவே இல்லியா?”

“இல்லம்மா. பூனைதான் கத்திருக்கு.”

அடுப்படியில் குக்கர் விசிலடித்தது.  பிறகு அம்மாவின் பெருமூச்சு கேட்டது.

“நல்ல வேள. எத்தன ராத்திரி அவள நெனச்சிக்கிட்டே படுத்திருப்பேன் தெரியுமா?”

“சரிம்மா, வச்சிரட்டுமா?”

“இரு. அக்கா மடியில கெடந்தது பூனைன்னா, அந்தப் பிள்ள ராத்திரி எங்க போயிருந்தா?”

 இத்தனை உரைகளில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. கேட்க இடமே இருந்ததில்லை.

கையைக் கழுவி, துடைத்து, ஈரம் காயும்வரை நின்றாள். உள்ளே போய் உட்கார்ந்தாள். ஏட்டைப் புரட்டினாள்.

விடிந்தது. தங்கையின் ஆடை விளிம்பெல்லாம் ஈரம்.

இரவெல்லாம் அழுத கண்ணீர் என்று எழுதியிருந்தார்கள் உரைகாரர்கள். அவளும் அப்படித்தான் எழுதியிருந்தாள்.

ஆடை விளிம்பு.

கணுக்காலில் புரளும் விளிம்பு. பனி நனைந்த புல்லின் உயரம்.

பேராசிரியரைக் கூப்பிடக் கையைத் தூக்கினாள்.

பிறகு இறக்கிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் இது தங்கைக்கும் தனக்கும் மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும்.